ஒட்டி வர்ற சின்னச் சொல்

லீவ் லெட்டர் எழுதுறப்போ ஒரு சொல்லுல கவனமா இருங்க. முந்தின நாள் ஓட்டப்பந்தயத்துல ஓடிக் களைச்சுப் போனா 'டயர்ட் ஃப்ரம் ரன்னிங்'. அதையே 'டயர்ட் ஆஃப் ரன்னிங்'னு எழுதினா, ஓடி ஓடிச் சலிச்சுப் போச்சுன்னு அர்த்தம். 'ஐ யாம் டயர்ட் ஆஃப் ஸ்கூல்'னு எழுதிக் கொடுத்தா, பள்ளிக்கூடமே வெறுத்துப் போச்சுன்னுதான் தலைமை ஆசிரியர் படிப்பார். லீவு கிடைக்குமா?

ஆங்கிலத்தில் பெயரடைக்குப் பின்னால் வரும் பிரிபோசிஷன் இப்படித்தான் பொருளையே மாற்றும். நமக்கு ஏன் தடுமாறுது? தமிழ் உருபை மனசுல வச்சுக்கிட்டு எழுதுறோம், அதான். தமிழில் 'நாய்க்குப் பயந்தான்' என்போம், 'நாயைப் பார்த்துப் பயந்தான்' என்றும் சொல்வோம். 'க்கு' வந்ததும் கை தானா 'டு' போடும். ஆனால் அங்கே 'அஃப்ரெய்ட் ஆஃப்' ஒன்றுதான். 'அவரோட கல்யாணம் ஆச்சு' என்பதை நினைத்து 'மேரீட் வித்' என்று எழுதுவார்கள். சரியானது 'மேரீட் டு'. 'மேரீட் வித் டூ சில்ட்ரன்' என்றும் வரும், ஆனால் அது கல்யாணமாகி ரெண்டு பிள்ளைகள் இருக்கு என்பதைச் சொல்வது. பிள்ளைகளைக் கட்டிக்கிட்டதா யாரும் நினைச்சுடாதீங்க!

எனக்கு ரொம்பப் பிடிச்சது 'சீனியர்'. 'என்னைவிட சீனியர்' என்பதால் 'தேன்' போடத் தோணும் (இனிக்கிற தேன் இல்லை). போடக்கூடாது, 'சீனியர் டு மீ' தான். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரையர் அஞ்சும் லத்தீன்லேர்ந்து வந்தவை. அந்த மொழியிலேயே சீனியர் என்றால் 'அதிக வயதானவர்', ஒப்பீடு அதுக்குள்ளேயே இருக்கு. அஞ்சுமே ஐ, ஓ, ஆர் என்ற மூணு எழுத்தில் முடியும், ஞாபகம் வச்சுக்க லேசு.

சிலது திசையைப் பொறுத்தது. தெருவை எனக்குத் தெரியும்னா நான் தெருவோடு 'ஃபெமிலியர் வித்'. அதையே தெருவை முதல்ல வச்சுச் சொன்னா, தெரு எனக்கு 'ஃபெமிலியர் டு'.

எல்லாத்துக்கும் விதி கிடையாது. 'குட் அட் மேத்ஸ்'ல 'அட்' ஏன்னு கேட்டா, வழக்கம் அப்படி, அவ்வளவுதான். 'டிஃபரன்ட்' கூட 'ஃப்ரம்' எங்கேயும் செல்லும், அமெரிக்காவில் 'தேன்' போட்டும் எழுதுவாங்க. அதனால் பெயரடையைத் தனியா மனப்பாடம் பண்ணாம, ஜோடியாவே நோட்டுல எழுதி வைங்க. ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஹார்ன்பி என்பவர், நம்மளை மாதிரி வெளியாட்கள் படிக்கணும்னே ஒரு அகராதி தயாரித்தார். 1942-ல் அங்கே வந்தது, 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி அதன் வாரிசுதான். அதில் பெயரடைக்குப் பக்கத்திலேயே எந்த பிரிபோசிஷன் வரும்னு தடிச்ச எழுத்துல போட்டிருக்கும். அர்த்தத்தை மட்டும் பார்த்துட்டு மூடிடாம, அந்தத் தடிச்ச எழுத்தையும் பாருங்க.