எக்ஸ்ரே பிரிவில் நம் பிள்ளைகள்

ஜூன் மாதம் பிறந்தால் போதும், நம் சங்கத்து வீடுகளிலிருந்து எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கிவிடும். "சார், பொண்ணுக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கல. எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்புல சேர்க்கலாமா?" அடுத்த கேள்வி சற்றுத் தயங்கி வரும். "கதிர்வீச்சு உடம்புக்கு ஆகாதாமே, நாளைக்குக் கல்யாணம், குழந்தைன்னு..." 1996 முதல் மும்பையில் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் பணியாற்றுபவன் என்ற முறையில் இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

பொத்தானை அழுத்துவதுதான் எங்கள் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண மார்பு எக்ஸ்ரேயையே எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் மார்பைப் பிளேட்டோடு ஒட்டி நிறுத்தி, எக்ஸ்ரே குழாயை 180 செ.மீ. தள்ளி வைத்து, மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும். குழாய் கிட்டே இருந்தால் இதயம் உள்ளதைவிடப் பெரிதாக விழும். மூச்சைப் பாதியில் நிறுத்தினால் நுரையீரலின் அடிப்பகுதி தெளிவாகத் தெரியாது. இல்லாத நோய் இருப்பதுபோல் தோன்றும். படம் சரியில்லையென்றால் திரும்ப எடுக்க வேண்டும். அதாவது நோயாளிக்கு இரண்டாம் முறை கதிர்வீச்சு.

இங்கே மொழியும் ஒரு கருவி. 'சாஸ் ரோக்கோ' என்றால் விழிக்கும் நம் ஊர்ப் பாட்டிமார்கள் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வருவார்கள். "நல்லா மூச்ச இழுங்க ஆத்தா, அப்படியே புடிங்க" என்றதும் முகம் மலர்ந்துவிடும். ஒரே படத்தில் வேலை முடியும். இந்தி, மராத்தியோடு தமிழும் பேசும் நம் பிள்ளைகளுக்கு இது தனிப் பலம்.

இனி, அந்தப் பயம். 1983-ல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் எங்களுக்கு வரம்பு விதித்திருக்கிறது. ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. மார்பில் அணியும் டி.எல்.டி. பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகும். படம் எடுக்கும்போது ஈயத் தடுப்புக்குப் பின்னால் நிற்கிறோம். இயந்திரம் நின்றதும் கதிரும் நின்றுவிடும், அறையில் தங்குவதில்லை. எம்.ஆர்.ஐ.யில் காந்தம்தான், எக்ஸ் கதிரே கிடையாது. கருவுற்ற பெண் தெரிவித்தால், எஞ்சிய மாதங்களில் சிசுவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாதபடி பணி ஒதுக்க வேண்டும். என்னுடன் பணிபுரியும் பெண்களில் பலர் தாய்மார்கள். பேட்ஜைப் பையில் போட்டுவிட்டு, நோயாளியைத் தாமே பிடித்துக்கொண்டு படம் எடுக்கும் இடங்களில்தான் ஆபத்து.

படிப்புக்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் தேவை. பி.எஸ்ஸி. பட்டம் மூன்று முதல் நான்கு ஆண்டுகள். டெல்லி எய்ம்ஸில் அகில இந்திய நுழைவுத் தேர்வு உண்டு. எந்த மாநிலத்தவரும் எழுதலாம். மாநில அரசுக் கல்லூரிகளிலோ பெரும்பாலும் இருப்பிடச் சான்று கேட்பார்கள். ஊர் விட்டு ஊர் வந்த நாம் அதை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. 2021-ல் இத்துறைக்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. இனிப் படிப்பின் அங்கீகாரத்துக்குத்தான் மதிப்பு.

'ஆறே மாதத்தில் வேலை உறுதி' என்ற பலகையைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அப்படித்தான் போயிற்று. அந்தச் சான்றிதழை எந்தப் பெரிய மருத்துவமனையும் ஏற்கவில்லை. பல்கலைக்கழக இணைப்பு உண்டா, பயிற்சி தர நோயாளிகள் வரும் மருத்துவமனை உண்டா, சி.டி., எம்.ஆர்.ஐ. இயந்திரங்களில் மாணவர்களை வேலை செய்ய விடுகிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். அங்கே படிக்கும் மாணவர்களையே கேளுங்கள்.

ஒளிக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். தனியார் இடங்களில் தொடக்கச் சம்பளம் குறைவு. இரவுப் பணியும் உண்டு. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் நம் நாட்டில் தகுதி பெற்ற மருத்துவர்கள் செய்வது. அதை நம்பிச் சேர வேண்டாம். ஆனால் சி.டி., எம்.ஆர்.ஐ., கேத் லேப் என்று கற்றுக்கொண்டே போகிறவருக்கு வழி அடைபடாது. நான் சேர்ந்தபோது இருட்டறையில் பிலிம் கழுவினோம். இன்று படம் நொடிகளில் கணினித் திரையில் வருகிறது. நோயாளியை நிறுத்தும் கை மட்டும் மாறவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு மாலை சங்க நூலகத்தில் இருப்பேன். பணம் கட்டுவதற்கு முன்பே கல்லூரியின் விவரத்தாளோடு வாருங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். படிக்கப் போவது அவர்தானே!