ஒரே நாளில் ஒரு கிலோ ஏறுமா? வெயிட் மெஷின் சொல்லாத கணக்கு

ஞாயிறு பிரியாணி. திங்கள் காலை வெயிட் மெஷினில் ஒரு கிலோ கூடுதல். 'இத்தனை நாள் நடந்ததெல்லாம் வேஸ்ட்' என்று பலர் வாக்கிங்கையே விட்டுவிடுவது இங்கேதான்.

ஆனால், ஏறியது பெரும்பாலும் கொழுப்பு இல்லை, தண்ணீர். உப்பு, உடலில் நீரைத் தேக்கும். சோற்றின் மாவுச்சத்து கிளைகோஜனாகச் சேரும்போது, ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கிலோ கொழுப்பு கூட, தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி சாப்பிட வேண்டும். ஒரு பிரியாணியால் அது ஆகாது!

அப்போ எதைப் பார்ப்பது? தினசரி எண்ணை விட்டுவிட்டு வாராந்திர சராசரியைப் பாருங்கள். கூடவே, வாரத்துக்கு குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, 2 நாள் தசைப் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடை நம் கையில் இல்லாத நாளிலும், இந்த நிமிடங்கள் நம் கையில்தான்.