டீசல் கற்கச் சென்ற மாணவன்

பரீட்சையிற் குறைந்த புள்ளி பெறும் மாணவனை நோக்கி, “நீ கராஜுக்குத்தான் போவாய்” என்று எச்சரிப்பது ஆசிரியர் சிலரது வழக்கம். நானும் பல ஆண்டுகள் அதைச் சொல்லி வந்தவனே. அவ்வாறு என்னிடம் கேட்ட ஒருவன் இன்று கனடாவில் உண்மையாகவே கராஜுக்குப் போய்விட்டான். சென்ற மாதம் அவனுடைய கடிதம் வந்தது.

நம்மவர் பெருந்தொகையாக வாழும் ஸ்காபரோவில் உள்ளது சென்ரெனியல் கல்லூரி. 1966ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இது, ஒன்ராறியோ மாகாணத்தின் முதலாவது சமுதாயக் கல்லூரியாகும். லொறி, பஸ் ஆகியவற்றின் டீசல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழில் அங்கே முறையாகக் கற்பிக்கப்படுகிறது. பயிலுநன் ஏறக்குறைய 6,000 மணி நேரத்தை ஒரு வேலைத்தலத்திற் சம்பளத்துடன் கழிக்கிறான். 720 மணி நேரம் வகுப்பில் அமர்கிறான். பின்னர் மாகாணப் பரீட்சையிற் சித்தியெய்தியே தகுதிப் பத்திரம் பெறவேண்டும்.

கைவேலை மட்டுமே என்றெண்ணிச் சென்றவனை, முதல் வகுப்பிலேயே பௌதிகம் எதிர்கொண்டதாம். பெற்றோல் இயந்திரத்திற்குத் தீப்பொறி வேண்டும், டீசலுக்கு வேண்டாம். உருளைக்குள் காற்றைப் பதினைந்து, பதினெட்டு மடங்கு நெருக்கினால் அது தானே 500 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறும். அதனுள் எரிபொருளைச் சிதறவிட்டாற் பற்றிக்கொள்ளும். 1897இல் ருடோல்ஃப் டீசல் ஜெர்மனியில் வெற்றியாக ஓட்டிக் காட்டியது இதனையே. சைக்கிளுக்குக் காற்றடிக்கையிற் பம்ப் சுடுவதை அறியாத பிள்ளை நம்மூரில் உண்டோ? அந்த உதாரணத்தை நான் வகுப்பிற் சொன்னபோது இவன் பின்வாங்கில் உறங்கிக்கொண்டிருந்தான்!

கடிதத்தில் என்னைக் கலங்கச் செய்த பகுதி ஒன்றுண்டு. புதிய இயந்திரங்களில் எரிபொருள், வளிமண்டல அமுக்கத்தைப்போல 2,000 மடங்குக்கு அண்மித்த அமுக்கத்தில் ஓடுகிறது. குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தால், கண்ணுக்குப் புலப்படாத தாரை தோலைத் துளைத்து உட்செல்லும். காயமோ ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளி, நோவும் சொற்பம். ஆயினும் உடனே சத்திரசிகிச்சை செய்யாவிடின் விரலை, சிலவேளை கையையே, இழக்க நேரிடும். ஆகவே கசிவைக் கையாற் தடவித் தேடலாகாது. மட்டைத் துண்டொன்றை நீட்டியே தேடவேண்டும். வகுப்பில் முதலிற் படித்தது இதுதான் என்று எழுதியிருந்தான். படியாதவன் போகுமிடம் என்று நான் சொல்லிய இடத்தில், படியாதவனுக்குக் கை மிஞ்சாது.

நோயறியும் வித்தையும் அதில் உண்டு. கரும்புகை எனில் எரிபொருள் மிகுதி அல்லது காற்றுக் குறைவு; நீலப்புகை எனில் மசகெண்ணெய் எரிகிறது. இப்போது கணினியும் பிழையைக் குறியீடாகக் காட்டுகிறது. எனினும் அது காட்டிய பாகத்தை யோசியாமல் மாற்றுபவனுக்கு, மாற்றிய பின்னரும் அதே பிழை நிற்குமாம்.

அவனுடைய தந்தையார் இவ்வளவு காலமும் “மகன் கனடாவிற் படிக்கிறான்” என்பதோடு நிறுத்திக்கொள்வார். போன கிழமை என்னிடம் வந்து, கலியாணப் பேச்சொன்று நடப்பதாகவும், குறிப்பில் தொழில் என்னவென்று எழுதுவதென்றும் கேட்டார். “டீசல் இயந்திர வல்லுநர்” என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிச் சற்றுநேரம் பார்த்தார்.

“வல்லுநர் வேண்டாம், மாஸ்டர். மெக்கானிக் என்றே போடுங்கோ. அவன் அப்படித்தான் எழுதியிருக்கிறான்” என்றார்.