தேயிலை மலையில் நான்கு நாட்கள்

கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவின் பீட்று தோட்டத்தில் முடியும் நடைபாதை ஒன்று இருக்கிறது. நீளம் 300 கிலோமீற்றருக்கு மேல். அதை 22 பகுதிகளாகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஒரு பகுதி நடக்கலாம் என்று ஒழுங்கு செய்திருக்கிறார்கள். பெயர் பீக்கோ பாதை. பீக்கோ என்பது தேயிலையின் ஒரு தரம். தேயிலைப் பெட்டிகளில் நாம் எல்லோரும் பார்த்த சொல்தான். இது புதிதாக வெட்டிய பாதையல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலைச் சுமையோடு மனிதரும் மிருகங்களும் நடந்த பழைய தோட்டப் பாதைகளையே தேடியெடுத்து ஒன்றோடொன்று இணைத்திருக்கிறார்கள். இலங்கையில் பல காலம் வாழ்ந்த மிகேல் குனாட் என்ற ஸ்பானியர் இதை வகுத்தார். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யூஎஸ்எயிட்டும் உதவின. 2023இல் பாதை திறக்கப்பட்டது.

இதில் ஒரு துண்டை 2024 ஓகஸ்ட் மாதத்தில் நாங்கள் ஒன்பது பெண்கள் நடந்தோம். பாலமுனையிலிருந்து ஏழு பேர், அக்கரைப்பற்றிலிருந்து தமிழ்ச் சகோதரிகள் இரண்டு பேர். யுத்தத்தில் கணவனை இழந்தவர்கள் எங்களில் நான்கு பேர். சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் ஒருவர். ஊர் சுற்றும் வசதி எங்களில் யாருக்கும் இல்லை. அறுகம்பைக்குப் போகும் வெளிநாட்டுக்காரர்களின் வாகனங்கள் எங்கள் வீதியால் ஓடுவதைப் பார்த்துவிட்டு, 'நம்முடைய வீட்டில் ஓர் அறையைக் கொடுத்தால் என்ன?' என்று எங்கள் சேமிப்புக் குழுவில் ஒருவர் கேட்டார். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில், கொடுப்பதற்கு முன் நாமே விருந்தாளியாகப் போய்த் தங்கிப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. பத்து மாதம் சீட்டுப் போல் காசு சேர்த்தோம். 'பொம்பிளையளுக்கு என்ன மலையேத்தம்?' என்று கேட்டவர்களுக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை.

வான் ஒன்றைப் பிடித்து பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய வழியாகப் போனோம். வெல்லவாய தாண்டி ஏறத் தொடங்கியதும் தியலும நீர்வீழ்ச்சி வீதியோரத்திலேயே விழுகிறது. உயரம் 220 மீற்றர். அதற்கு மேலே கொஸ்லந்தை. அங்கே வந்ததும் வானுக்குள் பேச்சு நின்றுவிட்டது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தை தோட்டத்து லயங்களை மண் மூடியது இந்தப் பக்கத்தில்தான். அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. போவதற்கு அந்தச் சனங்களுக்குச் சொந்தமாக வேறு காணி இருக்கவில்லை.

அன்றிரவு ஹப்புத்தளையில் தங்கினோம். அடுத்த நாள் காலையில் எங்கள் வழிகாட்டி வந்தார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த இளைஞர். நாங்கள் தம்பி என்று கூப்பிட்டோம், அவர் எங்களை அக்கா என்றார். பாதையின் அடையாளங்களை அவர் பார்த்துக்கொள்வார், எங்களுக்கு அவர் சொன்ன புத்திமதி ஒன்றுதான்: "மெதுவா நடங்க, ஆனா நிக்காதீங்க." அபாயாவின் கீழ் விளிம்பை ஊசியால் குத்திக்கொண்டு, பாட்டா செருப்பைக் கழற்றிவிட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு புறப்பட்டோம். அட்டைக்கென்று ஒரு போத்தல் உப்புத் தண்ணீரும் கொண்டுபோனோம். ஓகஸ்ட் ஊவாவில் வரண்ட காலம் என்பதால் அதற்கு அதிகம் வேலை வரவில்லை.

முதல் நாள் தம்பேதன்னை தொழிற்சாலையைக் கடந்து லிப்டன் சீட் வரை ஏறினோம். 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தொழிற்சாலை அது. மேலே அவர் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லும் இடத்தில் அவருக்கொரு சிலை வைத்திருக்கிறார்கள். கொழுந்தெடுத்தவளுக்கு அங்கே சிலை இல்லை. மேகம் விலகிய நேரம் தம்பி கையை நீட்டி, "அந்தப் பக்கம் ஒங்க கிழக்கு" என்றார். பதுளைக்குக் கிழக்கே உள்ள மலைகளில்தான் எங்கள் கல்லோயா பிறக்கிறது. சேனநாயக்க சமுத்திரத்தில் தேங்கி எங்கள் பக்கத்து வயல்களுக்கு வரும் தண்ணீர் அது. ஊரில் ஆடி மாதத்தில் புழுதியைக் கிளப்பும் கச்சான் காற்றும் இந்த மலைகளைத் தாண்டித்தான் வருகிறது. மழையை மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு வரண்டு வரும் அந்தக் காற்றினால்தான் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் என்றார் தம்பி. நாங்கள் ஏசும் காற்றுக்கு இங்கே இப்படி ஒரு பெயர்!

இனி நாங்கள் தங்கிய வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதல் வீடு கிராமத்தில் ஒரு சிங்களப் பெண்ணுடையது. ஐம்பது வயதிருக்கும். இரண்டு அறைகளை வெள்ளையடித்து வைத்திருந்தார். கட்டில், நுளம்புவலை, சுடுதண்ணீர், சுத்தமான மலசலகூடம். ஆடம்பரமாக ஒன்றுமில்லை. நாங்கள் இறைச்சி சாப்பிடமாட்டோம் என்று தம்பி முன்பே சொல்லியிருந்ததால் பருப்பு, பலாக்காய், முட்டை, கீரை என்று சமைத்திருந்தார். தொழுவதற்கு ஒரு பாயை உதறிப் போட்டுத் தந்தார். சாப்பாட்டோடு ஓர் இரவுக்கு ஆளுக்கு 3,500 ரூபாய். காசை வாங்கி எண்ணித் தன் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டார். கணவர் பக்கத்தில் நின்று சிரித்தார், கை நீட்டவில்லை. இதை நாங்கள் எல்லோரும் கவனித்தோம்.

இரண்டாம் நாள் பூனாகலைப் பக்கமாக இறங்கி நடந்தோம். வழியில் ஒரு லயத்தில் ஒரு சகோதரி ரொட்டியும் கட்டச் சம்பலும் தேத்தண்ணியும் தந்தார். அந்த வாரம் பாதையில் போகிறவர்களுக்கு ரொட்டி சுட்டே 2,000 ரூபாய் கிடைத்ததாம். அப்போது ஒரு முழுப் பேர் போட்டால் அடிப்படைச் சம்பளம் 1,000 ரூபாய். அடுத்த மாதம்தான் அது 1,350 ஆயிற்று. "ஆக்களைத் தங்க வைக்கலாமே?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். அவர் உள்ளே பார்க்கச் சொன்னார். ஒரு காம்பிரா, ஒரு இஸ்தோப்பு, ஆறு பேர். "எடம் மட்டுமில்லம்மா. இது தோட்டத்து வீடு. ஒரு ஆணி அடிக்கணும்னாலும் கேட்டுத்தான் அடிக்கணும். நாங்க எப்படி போர்டு போடுறது?"

விருந்தினர் விடுதியாகச் சட்டப்படி பதியப் போனால் வீட்டின் உரித்தைக் காட்டச் சொல்வார்கள். வங்கியில் கடன் கேட்டாலும் அதுவே முதல் கேள்வி. மலையில் ஐந்து தலைமுறை உழைத்தும் லயத்தில் இருப்பவர்களிடம் அந்தத் தாள் கிடையாது. பாதை அவர்களின் முற்றத்தால் போகிறது. படுக்கைக் காசு அடுத்த ஊருக்குப் போகிறது. என் பார்வையில் இந்தப் பாதையின் பெரிய குறை இதுதான். பாதை போட்டவர்களைச் சொல்லி இதில் பயனில்லை. 1948இல் குடியுரிமையைப் பறித்து, 2003இல்தான் அதை முழுதாகத் திருப்பிக் கொடுத்த நாட்டின் குறை இது.

அன்றிரவு தங்கியது ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணின் வீட்டில். அவருக்கு 7 பேர்ச் காணியில் புதிய வீடு கிடைத்திருந்தது. பத்திரமும் வந்துவிட்டது. பின்னால் ஓர் அறை இழுத்துக் கட்டியிருந்தார். அதில் நான்கு பேர், மற்றவர்கள் கூடத்தில் பாயில். "ஒரு கூட்டம் வந்தா பத்து நாள் கொழுந்துக் காசு" என்றார். மாதத்தில் ஒரு கூட்டம்தான் வரும், மழை மாதங்களில் அதுவும் இல்லை. அதனால் மலை வேலையை அவர் விடவில்லை.

"அம்மா, நீங்க சண்டை நடந்த ஊரா?" என்று கேட்டார். அவருடைய சின்னம்மா குடும்பம் 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போயிற்றாம். பிறகு கிளிநொச்சி. 2009இல் கடைசிச் சண்டையில் ஒரு மகன் போய்விட்டான். எங்களோடு வந்த அக்கரைப்பற்றுச் சகோதரி தன்னுடைய கதையைச் சொன்னார். பிறகு நான் 1990இல் எங்கள் பக்கத்தில் நடந்ததைச் சொன்னேன். எங்களுக்குள்ளேயே அதுவரை முழுதாகப் பேசாத விஷயம் அது. யார் யாருடைய ஆட்கள் என்ற பேச்சு வரவில்லை. அடுப்பு அணைந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் எல்ல. அங்கே கடைகளும் விடுதிகளும் நிறைந்துவிட்டன, எனக்குப் பிடிக்கவில்லை. நான்காம் நாள், 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்து தெமோதரைக்கு நடந்தோம். அங்கே ரெயில் மலையைச் சுற்றி இறங்கி, தான் நின்ற நிலையத்துக்குக் கீழேயே புகுந்து போகிறது. சிறுபிள்ளைகள் மாதிரிக் கைதட்டினோம்.

திரும்பி வரும் வழியில் வானுக்குள் கணக்குப் பார்த்தோம். எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். அதற்காக எத்தனை உம்மாமார் சவூதிக்கும் குவைத்துக்கும் போய் உழைத்தார்கள்! அந்த வீடு பெண்ணின் பெயரில் இருப்பதுதான் வழக்கம். ஆனால் சுனாமிக்குப் பிறகு கொடுத்த வீடுகள் பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்று ஆணின் பெயருக்கு எழுதப்பட்டன. ஊருக்கு வந்து ஒன்பது பேரும் உறுதியை எடுத்துப் பார்த்தோம். ஆறு பேருக்குத் தங்கள் பெயரில் இருந்தது. இரண்டு பேரின் வீடு இறந்துபோன கணவரின் பெயரில். ஒருவரிடம் தாளே இல்லை. அந்த மூன்று பேரின் வேலையாகப் பிரதேச செயலகத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம். அறைக்குக் கட்டில் வாங்குவதை அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்திருக்கிறோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி அடித்து மலைநாட்டில் எத்தனையோ இடங்களில் மண் சரிந்தபோது அந்தத் தோட்டத்துச் சகோதரிக்குப் போன் எடுத்தேன். மூன்று நாள் கிடைக்கவில்லை. நான்காம் நாள் அவரே பேசினார். ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். வீடு நிற்கிறது, பின்னறைச் சுவரில் வெடிப்பு. ரொட்டி தந்த சகோதரியின் லயத்திலிருந்தும் எல்லோரும் வெளியேறிவிட்டார்கள், உயிருக்குச் சேதமில்லை. "மண்ணைப் பாக்க ஆளு வருவாங்களாம். அவங்க சரின்னு சொன்னாத்தான் வீட்டுக்குப் போகலாம். நீங்க தந்த கருவாட்டைத்தான் ராத்திரி எல்லாருக்கும் சுட்டுக் குடுத்தேன்" என்றார். நாங்கள் ஊருக்குள் அரிசியும் உடுப்பும் சேர்த்து பதுளைக்குப் போன லொறியொன்றில் அனுப்பினோம். மேலே ஒரு மூட்டை கருவாட்டையும் கட்டி வைத்தோம்.