கல்யாண வீடியோ செய்ய எந்த சொப்ட்வெயார்? காசைக் கொடுக்கும் முன் கொஞ்சம் கேளுங்கள்

தோட்டத்தில் கல்யாணம் என்றால் வீடியோ இல்லாமல் நடப்பதில்லை. முன்பு கண்டியில் இருந்தோ கம்பளையில் இருந்தோ ஸ்டூடியோக்காரரைக் கூட்டி வருவோம். இப்போது கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, ரங்கலை என்று எந்தப் பக்கம் போனாலும் லயத்துப் பிள்ளைகளே கெமராவைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு நிற்கிறார்கள். கொழுந்து மலைக்கும் போகாமல் கொழும்புக் கடைக்கும் போகாமல் ஊரில் இருந்தபடியே நாலு காசு பார்க்க இது ஒரு நல்ல வழிதான்.

ஆனால் பெற்றோர் பலர் ஒரு கேள்வியோடு வருகிறார்கள். “பையன் எடிட் பண்ண சொப்ட்வெயார் வாங்கணும்னு நிக்கிறான். சீட்டை எடுக்கவா, நகையை அடகு வைக்கவா?” நாம் சொல்லும் பதில் ஒன்றுதான். கெமராவுக்கும் கொம்பியூட்டருக்கும் செலவு இருக்கிறது, அதை மறைக்க முடியாது. ஆனால் சொப்ட்வெயாருக்காக ஒரு மோதிரத்தையும் அடகுக் கடைக்குக் கொண்டு போக வேண்டாம். ஏன் என்று விளக்குகிறோம்.

முதலில் வேலை என்னவென்று பாருங்கள். கொழுந்து எடுத்தவுடன் அது தேயிலை ஆகிவிடுவதில்லை. பெக்டரியில் வாட்டி, அரைத்து, காய வைத்து, சலிக்க வேண்டும். அதன் பிறகு பெட்டியில் அடைக்க வேண்டும். வீடியோவும் அப்படித்தான். வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு ஒழுங்கு பண்ணுவது எடிட்டிங். அது பெக்டரி வேலை. முடிந்த படத்தை டிவிடி பிளேயர் வாசிக்கக்கூடிய முறையில் டிஸ்க்கில் அடைப்பது ஓதரிங். அது பெட்டி அடைக்கிற வேலை. இரண்டும் வேறு வேறு. இதை விளங்காமல் பலர் எடிட் பண்ணிய பைலை அப்படியே டிஸ்க்கில் கொப்பி பண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். கொம்பியூட்டரில் ஓடும். பாட்டி வீட்டுப் பழைய பிளேயரில் போட்டால் “நோ டிஸ்க்” என்று காட்டும். அந்தப் பிளேயர் தேடுவது ‘வீடியோ டிஎஸ்’ என்ற போல்டரையும் அதற்குள் எம்பெக்-2 முறையில் இருக்கும் படத்தையும்தான். அதைச் செய்து கொடுப்பதே ஓதரிங் சொப்ட்வெயார்.

இப்போது விலைக்கு வருவோம். டவுனில் பேர் போனது அடோபி பிரிமியர். அதை இன்று ஒரே தடவையில் விலைக்கு வாங்க முடியாது. மாதாமாதம் டொலரில் சந்தா கட்ட வேண்டும், கார்ட் வேண்டும். சரி, கட்டுகிறோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் டிவிடி செய்ய வழி இல்லை! முன்பு அதோடு ‘என்கோர்’ என்று ஓர் ஓதரிங் சொப்ட்வெயார் வந்தது. 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்போடு அதை நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 7இல் சும்மா கிடைத்த டிவிடி மேக்கரும் விண்டோஸ் 8இல் இல்லாமல் போயிற்று. எமது பிள்ளைகள் பலர் பழகிய பழைய மூவி மேக்கரை 2017 ஜனவரியில் மைக்ரோசொப்ட் கைவிட்டது. பெரிய கம்பனிகளுக்கு டிவிடி பழைய சரக்கு. எமது லயங்களில் அது இன்னும் டீவி மேசையில்தான் இருக்கிறது. ஆகவே கூடுதலாகக் காசு கொடுத்தால் கூடுதலாக வேலை நடக்கும் என்று நினைக்காதீர்கள்.

கல்யாண ஸ்டூடியோக்காரர் விரும்புகிற இன்னொன்று எடியஸ். நல்ல சாமான், வேகமாக ஓடும், டிஸ்க்கும் எழுதும். ஆனால் அது தொழில் நிலைபெற்ற ஸ்டூடியோவுக்குரியது. மாதத்துக்கு ஒரு கல்யாணம் கிடைக்கிற பிள்ளைக்கு அது வேண்டாம்.

டாவின்சி ரிசோல்வ் என்று ஒன்று இருக்கிறது. சினிமாக்காரர் நிறம் திருத்தப் பாவிப்பது. அதில் இலவசப் பதிப்பும் உண்டு, 295 டொலர் பதிப்பும் உண்டு. டொலர் 300 ரூபா என்று போட்டாலே 88,500 ரூபா வருகிறது. 2024 செப்டெம்பரில் வந்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் 66 நாள் முழுப்பேர். கல்யாண வேலைக்கு இலவசப் பதிப்பே தாராளம். ஆனால் அது கேட்கும் கொம்பியூட்டர் பெரிது. 16 ஜிபி ரெம், தனியான கிரபிக்ஸ் கார்ட் எல்லாம் வேண்டும். இரண்டாங்கை லெப்டொப்பில் அதைப் போட்டால் மேட்டில் ஏறுகிற பழைய லொறி மாதிரி இழுக்கும்.

அதனால் நாம் சொல்வது ‘ஷொட்கட்’. முழுவதும் இலவசம், திருட்டும் இல்லை, காலக்கெடுவும் இல்லை, படத்தின் மேல் தன் பேரை அடிப்பதும் இல்லை. எச்டி வீடியோவுக்கு 8 ஜிபி ரெம் போதும். லெப்டொப் மெதுவாக இருந்தால் ‘புரொக்சி’ என்ற வசதியைப் போடுங்கள். சிறிய நகலை வைத்து எடிட் பண்ணிவிட்டுக் கடைசியில் பெரிய படத்தில் இருந்து வெளியே எடுத்துத் தரும். இதே போல ‘கேடென்லைவ்’ என்பதும் இலவசம், நல்லது. எது கைக்குப் பழகுதோ அதை வையுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பழகி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

போனில் எடுத்த துண்டுகளைச் சேர்க்கும்போது ஒரு விடயத்தில் கவனம் தேவை. போன் ஒரு செக்கனுக்கு இத்தனை படம் என்று ஒரே சீராக எடுப்பதில்லை, கூடிக் குறையும். அதனால் போகப் போக ஐயர் வாய் ஒரு பக்கம், மந்திரம் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். ஷொட்கட் இதைக் கண்டுபிடித்து “மாற்றித் தரவா?” என்று கேட்கும். ஆம் என்று அழுத்துங்கள். கெமராவில் செக்கனுக்கு 25 படம் என்று வைத்து எடுங்கள். இலங்கை டீவி முறை ‘பால்’ (குடிக்கிற பால் இல்லை!). அதற்குரிய டிவிடி 720க்கு 576 புள்ளி, செக்கனுக்கு 25 படம்.

எடிட் முடிந்ததும் எம்பி4 பைலாக எடுத்து வையுங்கள். அடுத்தது பெட்டி அடைக்கிற வேலை. அதற்கு ‘டிவிடி ஸ்டைலர்’. இதுவும் இலவசம். எம்பி4 பைலை உள்ளே போட்டால் எம்பெக்-2 ஆக மாற்றி, மெனு செய்து, டிஸ்க்கும் எழுதித் தரும். நிச்சயதார்த்தம், தாலி கட்டு, வரவேற்பு என்று மூன்று பட்டன் வைத்தால் போதும். எழுத்தைப் பெரிதாகவும் ஓரத்தில் இருந்து தள்ளியும் வையுங்கள். பழைய டீவிகள் ஓரத்தைத் தின்றுவிடும். டிஸ்க் எழுதும் முன் ‘ஐஎஸ்ஓ’ பைலாகச் செய்து, இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயரில் ஓட விட்டுப் பாருங்கள். ஒரு டிஸ்க் மிச்சம்.

ஒரு டிஸ்க்கில் எவ்வளவு கொள்ளும்? இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். டிஸ்க்கின் அளவு 4.7 ஜிபி, அது மாறாது. ஒரு மணி நேரப் படம் என்றால் செக்கனுக்கு 8 மெகாபிட் கொடுத்தாலும் இடம் மிஞ்சும். இரண்டு மணி நேரம் என்றால் 5க்குக் கிட்ட. மூன்று மணி நேரத்தை அடைத்தால் 3 அளவுக்கு இறங்கிவிடும். ஒரே இடத்தில் நிற்கிற ஆளை அந்த அளவிலும் பார்க்கலாம். ஹோமப் புகை எழும்பும்போதும், அட்சதை தூவும்போதும், இரவு டான்ஸ் லைட் சுற்றும்போதும் படம் கட்டம் கட்டமாக உடையும். கல்யாணத்தில் எல்லோரும் திருப்பிப் பார்க்கிற இடமும் அதுதானே. பழைய வீஎச்எஸ் கெசட் மூன்று மணி நேரம் ஓடியது, அந்தப் பழக்கம் இன்னும் எங்களை விடவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் வெட்டுங்கள், முடியாவிட்டால் இரண்டு டிஸ்க் கொடுங்கள். மொய் எழுதுகிற மேசையை அரை மணி நேரம் காட்ட வேண்டிய அவசியமில்லை. யார் எவ்வளவு வைத்தார்கள் என்பது நோட்டில் இருக்கிறது.

தமிழ் எழுத்து இன்னொரு தலையிடி. மணமக்கள் பேரைப் பிழையாகப் போட்டால் அந்த வீட்டில் மறு வேலை கிடைக்காது. எந்த சொப்ட்வெயார் என்றாலும் முதலில் ‘கௌரி’, ‘கோபால்’, ‘ஸ்ரீ’ என்று அடித்துப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் அது யூனிகோட் தமிழைச் சரியாக எடுப்பதில்லை என்று அர்த்தம். அப்போது பேரை வேறு இடத்தில் எழுதிப் படமாக எடுத்து வீடியோவுக்குள் போடலாம். பாமினி எழுத்தில் பழகிய பழைய ஆட்கள் அந்த வழியாகவே சமாளிக்கிறார்கள்.

டிவிடியோடு பென் டிரைவும் கேட்பார்கள். மத்திய கிழக்கில் வேலை செய்கிற மகளுக்கு அனுப்ப அதுதான் வசதி. பழைய டீவிகள் ‘பெட்32’ முறையில் உள்ள பென் டிரைவைத்தான் எடுக்கும். அந்த முறையில் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பெரிய பைல் கொப்பி ஆகாமல் நின்றால் பென் டிரைவ் பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். படத்தை இரண்டாகப் பிரித்துப் போடுங்கள்.

“ஏன் இந்தச் சிரமம்? டவுனில் எல்லா சொப்ட்வெயாரும் ஒரே டிஸ்க்கில் சும்மா மாதிரி கிடைக்குதே” என்று சில தம்பிமார் கேட்கிறார்கள். பூட்டு உடைத்த சொப்ட்வெயார் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி குற்றம். அது ஒரு பக்கம். அதைவிடக் கிட்ட இருக்கிற ஆபத்து வைரஸ். பூட்டு உடைக்கும் புரோகிராமோடு ஒளிந்து வருகிற சில வைரஸ், கொம்பியூட்டரில் உள்ள பைல்களை எல்லாம் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும். உங்கள் படிப்புச் சான்றிதழ் போனால் நகல் எடுக்கலாம். ஒரு வீட்டுத் தாலி கட்டுப் போனால் மறுபடி கட்டச் சொல்ல முடியுமா? அந்தப் படத்தில் முன்வரிசையில் இருந்த அப்பாயி அடுத்த வருடம் இல்லாமல் போகலாம். அவர் நடந்து, சிரித்து, திருநீறு பூசுகிற படம் அந்த வீட்டில் வேறு இருக்காது.

ஆகவே சொப்ட்வெயாருக்கு வைத்த காசில் வெளியே மாட்டுகிற ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். புதிய லெப்டொப்களில் டிவிடி எழுதும் பெட்டி வருவதில்லை, அதையும் யூஎஸ்பியில் மாட்டுவதாகத் தனியே வாங்க வேண்டும். கல்யாண வீட்டில் இருந்து வந்த அன்று ராத்திரியே, தூங்கப் போகும் முன், கெமரா கார்ட்டில் உள்ளதை லெப்டொப்பிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் இரண்டு கொப்பி எடுங்கள். வீட்டுக்காரர் படத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை கார்ட்டை அழிக்காதீர்கள். டிஸ்க் வாங்கும்போது டிவிடி மைனஸ் ஆர் கேளுங்கள், பழைய பிளேயர்களுக்கு அது கூடுதலாகப் பொருந்தும். வேகத்தைக் குறைத்து எழுதுங்கள். மேலே காகித லேபல் ஒட்ட வேண்டாம். மலைப்பக்கத்து ஈரத்தில் அது சுருங்கி டிஸ்க்கை வளைக்கும். டிஸ்க்குக்கென்று விற்கும் மார்க்கர் பேனையால் பேரையும் திகதியையும் எழுதி, உறையில் போட்டு, அந்த வீட்டுப் பிளேயரிலேயே ஒரு தடவை ஓட விட்டுக் காட்டிய பிறகு மீதிக் காசைக் கேளுங்கள்.