பெரியப்பாவின் மாடும் நான்கு நிமிடப் பரிசோதனையும்

"மாடு நல்லா தின்னுது, நல்லா கறக்குது. இதுக்குப் போய் நோய்னு சொல்றியே!"

கிள்ளானில் மாடு வளர்க்கும் என் பெரியப்பா கோபமாகக் கேட்டார். அவரிடம் பதினோரு மாடுகள். விடியற்காலையில் கறந்த பாலை மோட்டார் சைக்கிளில் லிட்டில் இந்தியா கடைகளுக்குக் கொண்டுபோவார். சில நாள்களில் பிரிக்பீல்ட்ஸ் வரையிலும் போவார். அந்த மாடுகளில் ஒன்று ஏழாம் மாதத்தில் கன்று வீசிவிட்டது. நஞ்சுக்கொடியை அவரே வெறுங்கையால் எடுத்துப் புதைத்தார். நான் அப்போது ஒரு கால்நடை ஆய்வகத்தில் உதவியாளர். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மாணவர்களே, கன்று வீச்சு நோய்க்கு அறிவியல் பெயர் புருசெல்லோசிஸ். 1887இல் மால்டா தீவில் காய்ச்சலால் இறந்த படைவீரர்களின் மண்ணீரலில் டேவிட் புரூஸ் ஒரு கிருமியைக் கண்டார். 1897இல் டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங், மாடுகளைக் கன்று வீச வைக்கும் கிருமியைக் கண்டார். இரண்டும் நெருங்கிய உறவு என்று 1918இல் காட்டியவர் அமெரிக்காவின் ஆலிஸ் எவன்ஸ். காய்ச்சாத பால் மனிதருக்கு ஆபத்து என்று அவர் எச்சரித்தபோது பலர் நம்பவில்லை. அவரிடம் முனைவர் பட்டமும் இல்லை. பிறகு அதே கிருமி அவரையே தொற்றி, பல ஆண்டுகள் வாட்டியது. ஆய்வகத்தில் எங்களுக்கு முதலில் கையுறையைப் பற்றிப் பாடம் நடத்தியதன் காரணம் அன்றுதான் புரிந்தது.

கால்நடை அதிகாரிகள் வந்து எல்லா மாடுகளிடமும் இரத்தம் எடுத்தார்கள். முதலில் செய்வது ரோஸ் பெங்கால் பரிசோதனை. இரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் சீரத்தில் ஒரு துளி. கொல்லப்பட்ட கிருமிகளுக்கு இளஞ்சிவப்புச் சாயமேற்றிய திரவத்தில் ஒரு துளி. இரண்டையும் வெள்ளைத் தட்டில் கலந்து நான்கு நிமிடம் மெல்ல ஆட்ட வேண்டும். சீரத்தில் நோய் எதிர்ப்பொருள் இருந்தால் அது கிருமிகளைப் பிடித்து இழுத்துச் சேர்க்கும்; திரிந்த பாலைப் போல சிவப்புத் திப்பிகள் தெரியும். இல்லாவிட்டால் கலவை வழவழவென்று அப்படியே இருக்கும்.

இரண்டு மாடுகளின் சீரம் திரிந்தது. அதில் ஒன்று லெட்சுமி, பெரியப்பாவின் செல்லம். கன்று வீசியது அது அல்ல.

"அப்போ வெட்டிடுவாங்களா?" என்றார். குரல் இறங்கிவிட்டது. உறுதியான மாட்டை மந்தையிலிருந்து நீக்கி அறுப்பதே நம் நாட்டு நடைமுறை. மாட்டைக் குடும்பத்தில் ஒருத்தியாகப் பார்ப்பவரிடம் அதைச் சொல்வது எளிதல்ல.

ஆனால் அந்தத் தட்டு ஒரு சல்லடை மட்டுமே. நோயுள்ள எந்த மாடும் தப்பிவிடக் கூடாது என்று அதன் கண்ணைச் சிறிதாக வைத்திருக்கிறார்கள். அதனால் நோயில்லாத சிலவும் மாட்டிக்கொள்ளும். யெர்சினியா என்ற வேறொரு பாக்டீரியாவில் ஒரு வகை, வெளித்தோற்றத்தில் புருசெல்லாவைப் போலிருந்து பரிசோதனையை ஏமாற்றும். எஸ்19 தடுப்பூசி போட்ட மாடும் அப்படிக் காட்டலாம்.

ஆகவே காம்ப்ளிமெண்ட் ஃபிக்சேஷன் என்ற இரண்டாம் பரிசோதனை. காம்ப்ளிமெண்ட் என்பது இரத்தத்தில் உள்ள ஒரு புரதக் கூட்டம். மாட்டின் சீரத்தில் புருசெல்லா எதிர்ப்பொருள் இருந்தால், அது கிருமியோடு சேர்ந்து காம்ப்ளிமெண்டைச் செலவழித்துவிடும். பிறகு சேர்க்கும் ஆட்டுச் சிவப்பணுக்களை உடைக்க எதுவும் மிஞ்சாது; அவை அடியில் பொட்டாகத் தங்கும். எதிர்ப்பொருள் இல்லையென்றால் சிவப்பணுக்கள் உடைந்து குழி முழுவதும் செந்நிறமாகும். முதல் பரிசோதனையைவிட இது வேலை அதிகம். எனக்கு என்னவோ, இதைத்தான் பார்க்கப் பிடிக்கும்.

கன்று வீசிய மாட்டுக்கு அடியில் பொட்டு நின்றது. லெட்சுமியின் குழி செந்நிறம்.

பெரியப்பா உடனே சிரிக்கவில்லை. தொற்றிய புதிதில் எதிர்ப்பொருள் குறைவாக இருக்கலாம் என்பதால் லெட்சுமியைத் தனியாகக் கட்டச் சொன்னார்கள். சில வாரங்கள் கழித்து மறுபரிசோதனை. அவரையும் இரத்தம் சோதிக்க மருத்துவமனைக்கு இழுத்துப் போனேன். மனிதருக்கு இது விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி என்று இழுத்தடிக்கும். மருந்தே ஆறு வாரம் சாப்பிட வேண்டும். நல்லவேளை, அவருக்கு ஒன்றுமில்லை. லெட்சுமியும் இரண்டாம் முறை தப்பித்தது.

பச்சைப் பால்தான் சத்து என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளர்கள் இன்றும் வருகிறார்கள். முன்பு பெரியப்பா தலையாட்டுவார். இப்போது பால் பையை நீட்டும்போதே சொல்கிறார்: "அடுப்புல வச்சு நல்லா பொங்க விடுங்கம்மா. அப்புறம் குடிங்க."