குடும்ப கார் கியர்பாக்ஸ் Vs ரேஸ் கியர்பாக்ஸ்: வெளியே ஒண்ணு... உள்ளே என்ன வித்தியாசம்?

பழைய அமெரிக்க கார் ஒன்றை வாங்கி ரெடி பண்ண ஆசையா? ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: கியர்பாக்ஸ் ஸ்டாண்டர்டா, பெர்ஃபாமன்ஸா? 'ரேஸ் கார்ல போடுறதுதானே பெஸ்ட்' என்று முடிவெடுத்தால், காசும் போய் காரும் படுத்துவிடலாம். ஏன்? பார்க்கலாம்.

ஒரே பெயர், இரண்டு வேலை

உதாரணத்துக்கு, ஷெவர்லே 1950-ல் கொண்டுவந்த 'பவர்கிளைடு'. இரண்டே கியர். இம்பாலா போன்ற குடும்ப கார்களில் வந்தது. 1973-ல் தயாரிப்பு நின்றாலும், டிராக் ரேஸில் இதே டிசைன் இன்றும் ஓடுகிறது. ஆனால் உள்ளே இருக்கும் பாகங்கள் வேறு.

என்னென்ன மாறும்?

* டார்க் கன்வெர்ட்டர்: இன்ஜின் சக்தியை ஆயில் வழியாக கியருக்குக் கடத்தும் பாகம். சாதாரண காரில் இன்ஜின் சுமார் 2,000 சுற்றுக்குள்ளேயே இது நன்றாகப் பிடித்துவிடும். ரேஸ் காரில் 4,000, 5,000 சுற்றுக்கு மேல்தான் முழுப் பிடி கிடைக்கும்.

* கிளட்ச் தட்டுகள்: அதிக சக்தியைத் தாங்க, ரேஸ் வகையில் தட்டுகள் கூடுதலாக இருக்கும். ஷாஃப்ட்டும் உறுதியான ஸ்டீலில் வரும்.

* வால்வு பாடி: ஆயில் அழுத்தத்தை முடிவு செய்யும் மூளை இதுதான். ஸ்டாண்டர்டில் தட்டுகள் கொஞ்சம் வழுக்கிப் பிடிப்பதால், கியர் மாறுவதே தெரியாது. பெர்ஃபாமன்ஸில் அழுத்தம் அதிகம். 'டக்'கென்று குலுக்கி மாறும்.

* டிரான்ஸ் பிரேக்: முதல் கியரையும் ரிவர்ஸையும் ஒரே நேரத்தில் பிடித்து, ரேஸ் தொடங்கும் வரை காரை நகரவிடாமல் நிறுத்தும். குடும்ப காருக்கு இது தேவையே இல்லை.

நம்மூருக்கு எது சரி?

காரைக்குடியிலிருந்து பக்கத்தில் இருக்கும் அரியக்குடி பெருமாள் கோயிலுக்கு, சித்திரை வெயிலில் பழைய காரில் மாப்பிள்ளை ஊர்வலம் என்று வைத்துக்கொள்வோம். வண்டி நடை வேகத்தில்தான் போகும். ரேஸ் கன்வெர்ட்டர் அந்த வேகத்தில் முழுசாகப் பிடிக்காது. உள்ளே ஆயில் சுழன்று சுழன்று சூடாகும். சூடு ஏறினால் சீல் இறுகி ஆயில் கசியும், கிளட்ச் தட்டுகள் கருகும். பெட்ரோலும் வீண்.

ஆக, ஊருக்குள் ஓட்டும் காருக்கு ஸ்டாண்டர்ட் கன்வெர்ட்டர், புது கிளட்ச் தட்டுகள், புது சீல்கள், கூடுதலாக ஒரு ஆயில் கூலர் போதும்.

வாங்கும் முன்...

டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். கியர் ஆயில் சிவப்பாக இருந்தால் நல்ல அறிகுறி. கருத்துப்போய் தீய்ந்த வாசனை அடித்தால், கியர்பாக்ஸைப் பிரிக்கும் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.